ஒன்பதாம் வரிசையில் பூஜ்யம்

“கையை உள்ளே விடு” என்றாள் ரூபியேலா ஒகாம்போ.

“பாம்பு கடிச்சா பென்ஷன் உண்டா டீச்சர்?” என்று கேட்டுக்கொண்டே கில்தார்தோ மழைமானியின் புனலுக்குள் கையை விட்டான். வழவழவென்று இருந்தது. இலை இல்லை, சேறு இல்லை, ஒரு சிலந்திகூட இல்லை. “எங்க வீட்டுக் குழம்புச் சட்டிகூட இவ்வளவு சுத்தமா இருக்காது.”

“அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது.”

பதினெட்டு வருஷம் டாக்சி ஓட்டியவன் கில்தார்தோ. கடைசி மூன்று வருஷமாக ரூபியேலாவுக்குக் கார் ஓட்டுகிறான், கூடவே ஏச்சும் வாங்குகிறான். ரூபியேலா சான் எமிக்தியோ பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கல்வி அதிகாரியின் மகளுக்கு நூற்றுக்கு ஒன்பது போட்டாள். மாற்றிப் போடச் சொன்னபோது எட்டாக மாற்றினாள். அதோடு வேலை போயிற்று. இப்போது துப்பறிகிறாள். மனிதர்களை இன்னமும் அவள் நூற்றுக்கு இத்தனை என்றுதான் பார்க்கிறாள். பாஸ் மார்க் வாங்கியவன் ஒருவனைக்கூட கில்தார்தோ கண்டதில்லை.

மழைமானிக்குப் பக்கத்தில் கையில் பிரஷ்ஷோடு நின்றிருந்தாள் நூபியா. ஒன்பதாம் நம்பர் மழைமானியின் காவலாளி. வயது ஐம்பது இருக்கும். அவளுக்குப் பின்னால் மலைச்சரிவு பிய்த்தெடுத்த ரொட்டி மாதிரி சிவப்பாகத் திறந்து கிடந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்பு, சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு, அந்தச் சரிவிலிருந்த பதினோரு வீடுகள் ஆற்றுக்குப் போயின. மூன்று பேர் செத்தார்கள். மழை அளவு தாண்டினால் ஊத வேண்டிய ஒன்பதாம் சைரன் ஊதவே இல்லை.

நகரத்தின் மழை எச்சரிக்கை நிலையத் தலைவர் டாக்டர் லியோனிதாஸ் எச்செவெரி மூன்றே நாளில் அறிக்கை கொடுத்துவிட்டார். ஒன்பதாம் மழைமானி அன்று முழுக்கக் காட்டியது பூஜ்யம். காரணம், புனல் அடைத்துக்கொண்டிருந்தது. காரணத்துக்குக் காரணம், நூபியா. இன்று மூன்று மணிக்கு அரசு வழக்கறிஞர் முன்னால் விசாரணை. அலட்சியத்தால் மூன்று உயிர் போனதாக வழக்குப் போட்டால் ஆறு வருஷம் உள்ளே. அதற்காகத்தான் நூபியா ரூபியேலாவைக் கூப்பிட்டிருந்தாள்.

“தினம் காலையில ஆறு மணிக்குத் துடைப்பேன்” என்றாள் நூபியா. “அன்னிக்கும் துடைச்சேன். செத்துப்போன எர்னெஸ்தினா எனக்கு எதிர் வீடு. அவளைக் கொல்லவா நான் துடைக்காம விடுவேன்? அறிக்கை வந்த மறுநாள் என் கதவுல சேத்தை வாரி அடிச்சாங்க. அவ மகனும் அடிச்சான்.”

ரூபியேலா ஆறுதல் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது. கைப்பையிலிருந்து அறிக்கையை எடுத்துப் பிரித்தாள். கட்டம் கட்டமாக எண்கள். வரிசைக்கு ஒரு மழைமானி, பத்திக்கு ஒரு மணி நேரம். ஒன்பதாம் வரிசையில் இருபத்துநாலு பூஜ்யம் முத்துமாலை மாதிரி கோத்திருந்தது.

“அழகா இருக்குல்ல?” என்றாள் வெறுப்போடு. “கில்தார்தோ, இந்த ஊர்ல என்னிக்காவது ஒரு நாள் முழுக்க ஈரமே இல்லாம இருந்திருக்கா?”

“எங்க அப்பாவோட சவ ஊர்வலத்துலகூட எல்லார் கண்ணும் காய்ஞ்சிருந்தது, மூடுபனி மட்டும் சொட்டிக்கிட்டிருந்துச்சு.”

“அதான். பனி பெய்யற ராத்திரியில இந்தப் புனல் ஒரு சொட்டு ரெண்டு சொட்டாவது பிடிக்கும். மத்த வரிசையைப் பாரு. மழையில்லாத நேரத்துல 0.2, 0.4ன்னு போட்டிருக்கு. புனல் அடைச்சிருந்தா அடைச்ச நேரத்திலிருந்துதானே பூஜ்யம் வரணும்? இங்க ராத்திரி பன்னெண்டிலிருந்தே பூஜ்யம். இது அடைச்ச புனல் இல்ல. இது இல்லாத புனல்.”

“இதோ கையை விட்டேனே!”

“அப்ப இந்த வரிசை இந்தப் புனலோடது இல்ல.” அவள் விரலால் காகிதத்தில் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே போனாள். கடைசியில் விரல் நின்றது. “ஊர்ல எத்தனை மழைமானி?”

“இருபத்துநாலு. சைரனும் இருபத்துநாலு. இது டாக்சிக்காரனுக்கு மனப்பாடம்.”

“காகிதத்துல எத்தனை வரிசை?”

கில்தார்தோ எண்ணினான். மறுபடியும் எண்ணினான். “இருபத்துமூணு.”

“ஒன்பது பேர் கையெழுத்துப் போட்ட அறிக்கை. அதுல நாலு பேர் இன்ஜினியர். ஒருத்தனுக்கும் கடைசி வரைக்கும் எண்ணத் தோணல.” காகிதத்தை மடித்தாள். “எட்டாம் சைரனைப் பத்தி ஏதோ சொன்னியே?”

அது காலையில் எம்பனாதா பலகாரம் விற்கும் பெண்மணியிடம் அவன் கேட்ட வம்பு. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எட்டாம் சைரன். அந்தச் சனிக்கிழமை அங்கே வெறும் தூறல். ஆனால் சைரன் மத்தியானம் இரண்டரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. அந்தப் பக்கத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியே வந்து நின்று, ஒன்றும் நடக்காததால் நிலையத்தாரின் அம்மாக்களையெல்லாம் நினைவுகூர்ந்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள்.

“இங்க பெஞ்ச மழைக்கு அங்க ஊதியிருக்கு” என்றாள் ரூபியேலா மெதுவாக. “காரை எடு. பத்தாம் நம்பருக்குப் போவோம்.”

பத்தாம் நம்பர் மேலே, வளைந்து வளைந்து ஐந்து நிமிஷம். அங்கே ஒரு சிமெண்டு மேடை இருந்தது. மேடையில் ஒரு பித்தளைப் பலகை இருந்தது. பலகையில் டாக்டர் எச்செவெரியின் முழுப் பெயரும் பட்டங்களோடு இருந்தது. மேடைமேல் ஒரு ஆடு கட்டியிருந்தது. மழைமானி மட்டும் இல்லை.

“அதுவா?” என்றான் ஆட்டுக்காரன். “போன வருஷம் கொண்டாந்து வெச்சாங்க. ரிப்பன் வெட்டினாங்க, படம் எடுத்தாங்க. படம் எடுத்து முடிச்சதும் வேற எங்கயோ ரிப்பன் வெட்டணும்னு தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க.”

“டாக்டர் படிப்பு படிச்சவரோட மேடையில ஆடு நிக்குது டீச்சர்” என்றான் கில்தார்தோ.

“தகுதி உயர்ந்திருக்கு.”

நிலையத்தின் கணிப்பொறி அறை நிலவறையில் இருந்தது. அங்கே ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவன் இன்ஜினியர் வில்மார். ரூபியேலா அறிக்கையை மேசையில் வைத்து, “இருபத்துமூணு” என்று ஒரே வார்த்தை சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினான்.

“உங்க கணக்கு மொழியை எனக்கு விளக்கு” என்றாள் அவள். “சுருக்கமா. எனக்கு எதிர்ல நிக்கிற டாக்சிக்காரனுக்குப் புரியற மாதிரி.”

“தினமும் நடு ராத்திரி ஒரு மேட்ரிக்ஸ் உண்டாக்குவோம். பேரு ‘மழை’. இருபத்துநாலு வரிசை, இருபத்துநாலு பத்தி. முதல்ல எல்லாக் கட்டத்துலயும் பூஜ்யம். மழைமானிங்க பேசப் பேச அந்தந்தக் கட்டத்துல எண் ஏறும்.”

“பேசாத மழைமானி?”

“பூஜ்யமாவே நிக்கும்.”

“ஆக, மழை பெய்யலைன்னாலும் பூஜ்யம். மழைமானியே இல்லைன்னாலும் பூஜ்யம்.”

“எண் வரலைன்னு காட்டத் தனிக் குறி இருக்கு டீச்சர். அதைப் போடலாம்னு சொன்னேன். அறிக்கையில அசிங்கமாத் தெரியும்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“சைரன்?”

“ஒன்பதாம் வரிசை அளவு தாண்டினா ஒன்பதாம் சைரன். வரிசை நம்பர்தான் சைரன் நம்பர். நடுவுல ஒரு முழு வரிசையை நீக்கினா கீழ இருக்கறதெல்லாம் ஒரு படி மேல ஏறிக்கும். இடைவெளி விடாது. எச்சரிக்கையும் சொல்லாது.”

கில்தார்தோவுக்குச் சட்டென்று விளங்கியது. “டாக்சி ஸ்டாண்டு! நடுவுல ஒருத்தன் டீ குடிக்கப் போயிட்டா பின்னாடி இருக்கறவன் எல்லாம் முன்னாடி நகர்ந்துடுவான். நாலாவது வண்டிக்குச் சொல்லி வெச்ச கிழவி அஞ்சாவது வண்டிக்காரன்கிட்ட மாட்டிக்குவா.”

“இன்னிக்கு நீ பேசினதுல உருப்படியான முதல் வாக்கியம்” என்றாள் ரூபியேலா. “எந்த வரிசை?”

வில்மார் இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தான். இயந்திரத்தில் யார் என்ன தட்டினாலும் அது நேரத்தோடு குறித்து வைக்கும். சரிவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை நாலு பன்னிரண்டு. மூன்று வரிகள்.

மழை(4)
மழை(4,1) = []
மழை(4,:) = []

“கடைசி வரி நாலாம் வரிசையை முழுக்க அழிக்குது” என்றான். “அதை சைரன் புரோகிராம்லயே சேர்த்துட்டாங்க. அதனால ஒவ்வொரு மணிக்கும் புதுசா எடுக்கற நகல்ல நாலாம் வரிசை போயிடும், மத்ததெல்லாம் நகரும். ஒன்பதாம் மழை எட்டாம் சைரனை ஊத வெக்கும். ஒன்பதாம் சைரன் பத்தாம் வரிசையைப் பார்த்துக்கிட்டு...”

“ஆட்டைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கு” என்றான் கில்தார்தோ.

“நீ எப்பப் பார்த்த இதை?” ரூபியேலாவின் குரல் தாழ்ந்தது. அது தாழ்ந்தால் ஆபத்து.

“திங்கக்கிழமை. டாக்டர்கிட்டப் போய்ச் சொன்னேன். ‘உன் இயந்திரம், உன் பேரு, உன் ஜெயில்’னார். சாவி அவர்கிட்டயும் என்கிட்டயும்தான் இருக்கு. அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் தனியா பதினேழாம் மழைமானியில இருந்தேன். சாட்சி கிடையாது. எனக்கு ரெண்டு குழந்தைங்க...”

“நூபியா கதவுல சேறு விழுந்தது எப்போன்னு தெரியுமா?”

அவன் தலைகுனிந்தான்.

“புதன்கிழமை. உனக்குத் தெரிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு. மூணு மணிக்கு மேல்மாடிக்கு வா. வாயையும் எடுத்துக்கிட்டு வா.”

படியேறும்போது கில்தார்தோ கேட்டான். “நாலாம் நம்பர் எங்க இருக்கு தெரியுமா டீச்சர்? மிராதோர் ஹோட்டல் தோட்டத்துல. அந்தச் சனிக்கிழமை அங்கதான் டாக்டர் பொண்ணுக்குக் கல்யாணம். அந்த வாரம் நாலாம் சைரன் ரெண்டு தடவை ஊதி, ஹோட்டலே ஓடிச்சு. என் பழைய ஸ்டாண்டு ஆளுங்க பாதிப் பேர் கல்யாணத்துக்கு விருந்தாளிங்களை ஏத்திக்கிட்டுப் போனாங்க.”

ரூபியேலா படியிலேயே நின்றுவிட்டாள். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. மிக மோசமான விடைத்தாளைத் திருத்தி முடித்தவளின் களைப்பு மட்டும் தெரிந்தது.

மூன்று மணிக்கு மேல்மாடிக் கூட்ட அறையில் காப்பி மணத்தது. ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அரசு வழக்கறிஞர் மார்லேனி துக்கே பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். நூபியா கதவோரம் மழைச்சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எச்செவெரி கழுத்துப்பட்டையை நீவிக்கொண்டே, இருபத்துமூன்று வரிசை பற்றி ரூபியேலா சொன்னதைக் கேட்டார். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“வேதனையா இருக்கு. நம்பின ஆளே இப்படிச் செஞ்சிருக்கான். வில்மார், ஏன்ப்பா?”

வில்மார் மடிக்கணினிக்குப் பின்னால் சுருண்டான். வாயை எடுத்து வந்திருந்தான், திறக்கத்தான் வரவில்லை.

ரூபியேலா அன்று முதல் தடவையாகப் புன்னகை செய்தாள். “டாக்டர், எனக்கு இந்த மொழி சுத்தமாப் புரியல. இதைப் பத்தி நீங்க கையேடே எழுதியிருக்கீங்களாம். வழக்கறிஞரம்மாவுக்கும் எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன். நீங்க சொல்லுங்க, வில்மார் தட்டட்டும். நாலாம் மழைமானியோட வரிசையைப் பார்க்கணும்னா?”

பாடம் எடுக்கச் சொன்னால் எச்செவெரி சவப்பெட்டியிலிருந்தும் எழுந்து வருவார். “குழந்தை விளையாட்டும்மா. பேரு, அடைப்புக்குறி, நாலு.”

வில்மார் அன்றைய ‘மழை’யின் நகல் ஒன்றைத் திறந்து தட்டினான்; சுவர்த் திரையில் ‘மழை(4)’ என்று விழுந்தது. கீழே பதில் வந்தது: 0.6.

“ஒரே ஒரு எண்தான் வந்திருக்கு” என்றாள் வழக்கறிஞர்.

“அது... சுருக்கிக் காட்டுது.”

“சரி, அந்த வரிசையை நீக்கணும்னா?” என்றாள் ரூபியேலா பணிவாக.

“நாலு, கால்புள்ளி, ஒண்ணு. சமக்குறி போட்டு வெறும் சதுர அடைப்பு. ஒண்ணுமில்லாததை அதுக்குச் சமம்னு சொல்றோம். அவ்வளவுதான், போயிடும்.”

போகவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் இயந்திரம் மறுத்தது.

“இயந்திரத்துக்கு உங்க பட்டம் தெரியல போலிருக்கு” என்றான் கில்தார்தோ.

எச்செவெரிக்கு நெற்றி வேர்த்தது. “ஒண்ணுக்குப் பதிலா முக்காற்புள்ளி! முக்காற்புள்ளி போடு!”

போட்டான். வரிசைகள் இருபத்துமூன்றாகச் சுருங்கின. டாக்டர் வெற்றியோடு நிமிர்ந்தார். ரூபியேலா தாளை எடுத்து வழக்கறிஞரின் முன்னால் வைத்தாள்.

“இது அந்த வெள்ளிக்கிழமை இயந்திரம் குறிச்சது. மூணு வரி. முதல் தப்பு, ரெண்டாவது தப்பு, மூணாவது சரி. இப்ப இவர் நம்ம முன்னால சொன்ன அதே மூணு, அதே வரிசையில. ஒரு எண் மட்டும் போட்டா இந்த மொழி முதல் பத்தியில மேலிருந்து கீழ எண்ணிக்கிட்டுப் போய் ஒரே ஒரு கட்டத்தைக் கொடுக்கும். ஒரு கட்டத்தை மட்டும் நடுவுலேருந்து உருவவும் விடாது. வில்மார் ஒன்பது வருஷமா இதையே தட்டிக்கிட்டிருக்கான். அவன் கோழைதான். ஆனா இது அவனுக்குத் தெரியும். கையேட்டையும் அவன்தான் எழுதியிருப்பான்.”

“நான்தான் எழுதினேன்” என்றான் வில்மார், முதல் முறையாக.

“கத்துக்குட்டி எவனும் செய்யற தப்பு இது!” என்று எச்செவெரி மேசையைத் தட்டினார். “இதை வெச்சு என்ன நிரூபிக்க முடியும்? யார் வேணா தட்டியிருக்கலாம்!”

அது உண்மைதான். வழக்கறிஞரின் பேனா தயங்கியது. கில்தார்தோ அதைப் பார்த்தான். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஸ்டாண்டில் கதை பேசுகிற தோரணையில் ஆரம்பித்தான்.

“விடுங்க டாக்டர். எவன் எடுத்தானோ, உங்களுக்கு நல்லதுதானே நடந்துச்சு? நாலாம் சைரன் வாயை மூடிச்சு. பொண்ணு கல்யாணம் சத்தமே இல்லாம, பூ மாதிரி முடிஞ்சிருக்கும்.”

“சத்தமே இல்லாமயா?” எச்செவெரி எழுந்துவிட்டார். அவமானம் அவரைக் கொதிக்க வைத்திருந்தது. “மோதிரம் மாத்தற நேரத்துல ஊதிச்சுய்யா! பாதிரியாரே ஓடினாரு! மாப்பிள்ளையோட பாட்டி கேக்மேல விழுந்தாங்க! எடுத்ததுக்கப்புறமும் ஊதினா நான் என்னதான்...”

“எடுத்ததுக்கப்புறமும்” என்று வழக்கறிஞர் மெல்லச் சொல்லிக்கொண்டே எழுதினாள். “இயந்திரத்துல கோளாறே இல்லைன்னு அறிக்கையில சொன்னீங்களே டாக்டர்.”

“அன்னிக்கு ஊதினது அஞ்சாம் மழைமானியோட மழை” என்றாள் ரூபியேலா. “அஞ்சு நாலா மாறியிருந்துச்சு. செஞ்சது என்னன்னு தெரிஞ்சு செஞ்சிருந்தாகூட நான் உங்களைக் கொலைகாரன்னு மதிச்சிருப்பேன். ஒரு பாட்டு நின்னுடக் கூடாதுன்னு ஊரோட காதையே அறுத்துட்டு, பழியைக் கொண்டுபோய்ப் புனல் துடைக்கிறவ தலையில கவுத்திருக்கீங்க. உங்களுக்கு மார்க்கே கிடையாது. விடைத்தாளையே தொட மாட்டேன்.”

எச்செவெரி உட்கார்ந்தார். கழுத்துப்பட்டை அவரைவிடப் பெரியதாகத் தெரிந்தது. வழக்கறிஞர் நூபியாவின் பக்கம் திரும்பி, அவள்மேல் எந்த வழக்கும் இல்லை என்றும், அதை நாளைக்கே எழுத்தில் கொடுப்பதாகவும், நிலையம் பத்திரிகையில் மன்னிப்புக் கேட்கும் என்றும் சொன்னாள். நல்ல வார்த்தைகள். கில்தார்தோ கைதட்டக்கூடத் தயாராக இருந்தான். ரூபியேலா சிகரெட்டுக்காகக் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்; ஜெயித்தால் அவளுக்கு ஒன்று வேண்டும்.

நூபியா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் மழை சாய்ந்து அடிக்க ஆரம்பித்திருந்தது; தூரத்தில் ஏதோ ஒரு சைரன் ஊதிக்கொண்டிருந்தது.

“அந்த வரி” என்றாள். “நாலாம் வரிசையை அழிக்கிற வரி. அதை எடுத்தாச்சா?”

வில்மார் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். “சாட்சியாச்சேன்னு... நான் தொடல.”

“பன்னெண்டு நாளா?”

“எனக்குத் தெரிஞ்சு பத்து நாளா.”

“அப்ப இப்ப பெய்யற மழைக்கு எல்லாச் சைரனும் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தானே ஊதும்?”

வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தாள். கில்தார்தோ ரூபியேலாவைப் பார்த்தான். அவள் கை கைப்பைக்குள் அப்படியே நின்றிருந்தது. காலை பதினோரு மணிக்கே அவளுக்கு எல்லாம் தெரியும். நாலு மணி நேரம் அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, டாக்டரை எப்படிக் கவிழ்ப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும்தான் தெரியும்.

“எடுப்பா” என்றாள் நூபியா வில்மாரிடம், அதட்டாமல்.

வில்மார் சைரன் புரோகிராமைத் திறந்து அந்த ஒரு வரியை அழித்தான். திரையில் இருபத்துநாலு வரிசையும் தத்தம் இடத்துக்கு இறங்கி நின்றன. பதினான்காம் வரிசையின் கடைசி எண் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. கீழே ஊருக்குள்ளே தப்பான இடத்தில் ஊதிக்கொண்டிருந்த சைரன் சட்டென்று நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு பள்ளத்தாக்கின் வேறொரு மூலையிலிருந்து இன்னொன்று ஊத ஆரம்பித்தது.

“பதினாலு” என்றாள் நூபியா. அவள் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். “அங்க என் தங்கச்சி இருக்கா. யார்கிட்டயாவது வண்டி இருக்கா?”

கில்தார்தோ சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். ரூபியேலா அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.